தூரத்து மூலையில் ஒரு கல்

அந்தப் பலகையை முதலில் பார்த்தவள் நான்தான். இதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் தூத்துக்குடி வண்டி வந்து நின்று, மாமா படியிறங்கித் தோள் பையைத் தரையில் வைத்தபோது, அதன் வாயைப் பிரித்துத் தலையை உள்ளே விட்டவள் நான். வேட்டிக்கும் வாசனைச் சோப்புக்கும் நடுவில் இரண்டாக மடங்குகிற ஒரு மரப்பலகை இருந்தது. அதற்குக் கீழே இரண்டு தகர டப்பாக்கள். ஒன்றை எடுத்துக் குலுக்கினேன். எங்கள் வீட்டு விசைத்தறி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்குமே, அந்தச் சத்தம்.

வீடு வரும்வரை டப்பாக்கள் என் மடியில்தான் இருந்தன. அப்பா சைக்கிளை மிதிக்க, முன்கம்பியில் நான், பின்னால் கேரியரில் மாமா. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு சைக்கிள் கோபுரத்தைத் தாண்டித் திரும்பும்போது, "ஏட்டி, கொட்டிராத. உள்ள இருக்கது கடல் தாண்டி வந்தது" என்றார் மாமா. கடல் தாண்டி வந்தது என் மடிக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வெள்ளைக் கல்லை யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டும் பார்த்தேன். சூடமிட்டாய் போல இருந்தது, கரையவில்லை.

மாமா என்றால் அம்மாவுடன் பிறந்த தம்பி. தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரைத் தன் கல்யாணத்தோடு சேர்த்து இந்த வீட்டுக்குக் கூட்டி வந்து வளர்த்தாள். இப்போது சரக்குக் கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற வேலை. கப்பல் விட்டு அவர் வந்திறங்குகிற நாட்கள் என் நாட்கள். தோளில் நான், சினிமாக் கொட்டகையில் பக்கத்து நாற்காலியில் நான், பரோட்டாக் கடையில் அவர் இலையிலிருந்து பிய்த்துத் தின்பது நான். அக்காவுக்கு அதில் பங்கு கிடையாது. அவள் பெரியவளாகி, தாவணி போட்டு, பன்னிரண்டாவது பரீட்சையும் எழுதி முடித்திருந்தாள். இனி அவளுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலை கரண்டு போனது. எங்கள் தெருவில் கரண்டு போவது ஒரு நிகழ்ச்சி. வீட்டுக்கு வீடு விசைத்தறி. பகல் முழுக்க ஒருவரிடம் ஒருவர் கத்தித்தான் பேசுவோம். திடீரென்று எல்லாம் நிற்கும்போது தெருவே மூச்சை வெளியே விட்டதுபோல் இருக்கும். தறிக்காரர்கள் டீ குடிக்கப் போவார்கள். அந்த அமைதியில் மாமா தறிக்கொட்டகைத் தரையில் பலகையை விரித்தார். நெடுக்கும் குறுக்குமாகப் பெட்டிப் பெட்டியாகக் கோடுகள். தறிக்கு ஊடு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த அக்கா, கையில் நூலோடு எட்டிப் பார்த்து, "பாவும் ஊடும் மாதிரி இருக்கு மாமா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் சங்கடம் தொடங்கியது.

ஆட்டத்தின் பெயர் கோ என்றார் மாமா. கப்பலில் கூட வேலை பார்த்த கொரியாக்காரர் ஒருவர் இறங்கிப் போகும்போது கொடுத்தாராம். அம்மாவுக்கு அது ஒரு பெயராகவே படவில்லை. 'கப்பல் வெளையாட்டு' என்றாள், அதுவே எங்கள் வீட்டில் நிலைத்தது. சதுரங்கம் போல ராஜாவோ குதிரையோ இதில் இல்லை. எல்லாம் ஒரே மாதிரிக் கல்தான், ஒருவருக்குக் கறுப்பு, மற்றவருக்கு வெள்ளை. கோடும் கோடும் சந்திக்கிற இடத்தில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போக வேண்டும். வைத்ததை நகர்த்தக் கூடாது. ஒரு கல்லை ஒட்டியிருக்கும் காலி இடங்கள்தான் அதன் மூச்சு. எல்லாப் பக்கமும் எதிராளி அடைத்துவிட்டால் மூச்சு முட்டிக் கல் செத்துப்போகும், தூக்கி டப்பாவில் போட்டுவிடலாம். முடிவில் யார் அதிக இடத்தைக் கட்டி வைத்திருக்கிறாரோ அவர் ஜெயித்தவர்.

மாமாவுக்கே இவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் இருவரும் தட்டுத்தடுமாறிச் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். அதுதான் என்னைச் சுட்டது. அவர் சொல்லிக் கொடுத்து அவள் படித்திருந்தால், எனக்கும் ஒரு நாள் சொல்லிக் கொடுப்பார் என்று காத்திருப்பேன். இருவரும் ஒன்றாக வழி தெரியாமல் ஒரே காட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். பின்னால் போகிறவளுக்கு அங்கே என்ன வேலை?

எதிராளி வந்து முன்னால் அடைத்தால் என்ன செய்வது? ஆட்டம் முழுக்க இந்த ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. பதில்களுக்கு அக்கா பெயர் வைத்தாள். அடைக்காத பக்கமாக இன்னொரு கல்லை ஒட்டி வைத்து மூச்சைக் கூட்டிக்கொள்வது நீட்டு. அடைத்த கல்லின் தலையைச் சுற்றித் திரும்புவது வளை. அதற்கும் அதன் கூட்டாளிக்கும் நடுவில் புகுந்து நிற்பது வெட்டு. மாமா எப்போதும் வெட்டுவார், வெட்டிவிட்டுத் தானே மாட்டிக்கொண்டு சிரிப்பார். அக்கா வளைப்பாள். கொட்டகையின் இந்த மூலையில் நின்று அந்த மூலைத் தறியில் ஒரு இழை அறுந்திருப்பதைச் சொல்கிறவள் அவள். அந்தக் கண் பலகையில் எதைத்தான் விட்டுவைக்கும்? ஒரு வாரத்துக்குள் மாமா தோற்க ஆரம்பித்தார்.

"தோத்துட்டு எதுக்கு மாமா சிரிக்கீங்க?" என்று கேட்டேன்.

"இப்படி ஒருத்திகிட்ட தோக்கதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்ட்டி."

எனக்குத் தெரிந்து மாமா என்னிடம்தான் தோற்பார். பல்லாங்குழியில், பாம்புக் கட்டத்தில், யார் முதலில் சிரிப்பது என்பதில். அந்தத் தோல்விகளெல்லாம் கள்ளத் தோல்விகள் என்று அன்று முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. இவளிடம் தோற்பதுதான் நிஜத் தோல்வி. ஒருவர் இன்னொருவருக்குத் தரக்கூடியதில் அதைவிடப் பெரியது என்ன இருக்கிறது? எனக்கு அதைக் கொடுக்கவே இல்லை.

யார் மேல் பொறாமை என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. மாமாவை எடுத்துக்கொண்டதற்காக அக்கா மேல். அக்காவை எடுத்துக்கொண்டதற்காக மாமா மேல். இரண்டும் ஒரே வயிற்றில் கிடந்து எரிந்தன. அதுவரை நானும் அக்காவும் ஒரே பாயில் படுத்தவர்கள். காலையில் அவள் முன்னால் நான் உட்காருவேன், என் தலை அவள் கையில் இருக்கும். இப்போது எனக்குச் சடை போடும்போதும் அவள் கண் பலகையில் கிடந்தது. முந்தின நாள் ஆட்டத்தைக் கலைக்காமல் அப்படியே வைத்திருப்பாள். வகிடு கோணிப்போய், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். கோணல் வகிட்டோடு நான் திரிந்த அந்த நாட்களில் எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. சங்கரலிங்கம், கோமதி, நடுவில் நிற்கிற சங்கரநாராயணர் என்று வரிசையாக நின்று முறையிட்டேன். பாதி சிவனும் பாதி பெருமாளுமாக நிற்கிற சாமிக்கு மூன்றாவது ஆளின் கஷ்டம் எப்படிப் புரியும்?

கரண்டு போகும் நேரம் பார்த்து அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன். "மாமா, என்னயும் சேத்துக்கோங்க." "பொறு மக்கா, இந்த ஆட்டம் முடியட்டும்." முடியாது. முடிவதற்குள் கரண்டு வந்துவிடும், தறிகள் கத்தத் தொடங்கிவிடும், அக்கா எழுந்து போய்விடுவாள். அடுப்படி வாசலிலிருந்து அம்மா வேறு கத்துவாள்.

"ஏட்டி, நந்தி மாதிரி நடுவுல போய்க் குத்த வைக்காத. இங்கன வா. வெங்காயம் உரி."

அம்மாவுக்கு அந்தக் காட்சி மறைந்துவிடக் கூடாது. ஒரே பலகை மேல் குனிந்த இரண்டு தலைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பசி அடங்கியது. எங்கள் பக்கத்தில் அக்காள் மகள் என்பவள் தாய்மாமனுக்கு உரியவள். அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வெளியே மாப்பிள்ளை பார்ப்பார்கள். தம்பியையும் மகளையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டால் கடலும் அவனைக் கொண்டுபோகாது, புகுந்த வீடும் இவளைக் கொண்டுபோகாது. இரண்டு பிள்ளைகளும் கண்ணெதிரே கிடப்பார்கள். இந்தக் கணக்கை அம்மா என்றோ போட்டு வைத்திருந்தாள். சரிதானா என்ற சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. அதையும் இந்தப் பலகை தீர்த்துவிட்டது. நாள் தவறாமல் ஒன்றாக உட்கார்கிறார்கள், சிரிக்கிறார்கள், அவன் இவளிடம் தோற்கிறான். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

தெருவுக்கும் அப்படியே தோன்றியது. "அண்ணாச்சி, மாப்பிள்ளைய வீட்டுலயே வளத்துட்டீய போலுக்கே" என்று தறிக்காரர்கள் அப்பாவைச் சீண்டினார்கள். அப்பா பதில் சொல்லாமல் அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பார். பதில் சொல்லாமலிருப்பதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது.

இதற்கிடையில் பரீட்சை முடிவு வந்து, திருநெல்வேலிக் கல்லூரியில் அக்காவுக்கு இடமும் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அவள் அதைச் சொன்னபோது அம்மா சோற்றுப் பானையை வடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"கப்பல்காரன் பொண்டாட்டிக்கு எதுக்குட்டி காலேஜ்? அங்க போயி நீ என்ன, கப்பலா ஓட்டப் போற?"

"இல்லம்மா..."

"ஆடி பொறந்துட்டா ஒரு நல்ல காரியம் செய்ய முடியாது. அதுக்குள்ள பூ வச்சு நிச்சயம் பண்ணிரணும். சிவகிரிலருந்து பெரியம்மா வருதா. அவ காதுல இந்தக் காலேஜ் பேச்சு விழுந்துச்சு, பாத்துக்கோ. ஒம்போது கேள்வி கேப்பா."

அக்கா அழவில்லை. போய்த் தார் சுற்றினாள். மறுநாளும் கரண்டு போனது, மறுநாளும் பலகை விரிந்தது. ஆனால் அவர்கள் ஆட்டத்தில் சிரிப்புக் குறைந்திருந்தது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருவரும் சும்மா இருந்தார்கள். கல்யாணம் என்றால் வெட்கம் வரும், வெட்கம் வந்தால் பேச்சு வராது என்று நானாக விளங்கிக்கொண்டு இன்னும் எரிந்தேன்.

எனக்கும் ஒரு ஆட்டம் கிடைத்தது. ஒன்றே ஒன்று. மாமா குளிக்கப் போயிருந்தார். அக்கா எதிரே தரையைத் தட்டி, "வா, ஒக்காரு" என்றாள். வெள்ளை எனக்கு. எடுத்த எடுப்பில் அவள் கறுப்புக் கல்லின் முகத்துக்கு நேராக ஒன்றை வைத்து அடைத்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட நிம்மதி. அவள் பக்கத்தில் எதையோ வைத்தாள். நான் மறுபடி அடைத்தேன், மறுபடி அடைத்தேன். அவள் கல்லுக்கு ஒரே ஒரு மூச்சுதான் மிச்சம். இன்னும் ஒரு கல் வைத்தால் அதைத் தூக்கிவிடலாம். அவள் ஓடப்போகிறாள் என்று பார்த்தால், ஓடவில்லை. பலகையின் அந்தக் கோடியில், ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில், ஒரு கல்லை வைத்தாள்.

"அங்கன எதுக்குக்கா வைக்க?"

"சும்மாதான்."

சும்மா என்று எதையாவது செய்கிறவளா இவள்? எனக்குத் தெரியாமல் அந்த மூலையில் என்னவோ வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையருகில் சாகக் கிடந்த கல்லை விட்டுவிட்டு, அவசர அவசரமாக அந்த மூலைக்கு ஓடி அவள் கல்லை ஒட்டி என் கல்லை வைத்தேன். அவள் எங்கே போனாலும் அங்கே நானும் இருக்க வேண்டும். அதன் பிறகு அவள் நிதானமாக நீட்டினாள். நான் அடைத்தேன். திரும்பி நீட்டினாள். திரும்பி அடைத்தேன். மச்சுப்படி ஏறுவதுபோல் கோணல் மாணலாக நாங்கள் பலகை முழுக்க ஏறினோம். ஒவ்வொரு படியிலும் அவளுக்கு ஒரே மூச்சு, ஒவ்வொரு படியிலும் எனக்கு ஆனந்தம். ஏறி ஏறிக் கடைசியில், சும்மா கிடந்த அந்தக் கல்லைப் போய் அவள் வரிசை தொட்டது. தொட்டதும் அதற்கு மூச்சு வந்துவிட்டது. துரத்திக்கொண்டு போன என் கற்கள்தான் ஆங்காங்கே ஓட்டையும் உடைசலுமாக நின்றன.

"தூரக்கல்" என்றாள் அக்கா. அதற்கும் பெயர் வைத்திருந்தாள். "பக்கத்துல வச்சா நீ பாத்துருவ. தூரத்துல வச்சா, சும்மா கெடக்குன்னு நெனப்ப."

"கள்ளாட்டம்" என்று சொல்லி டப்பாவைத் தட்டிவிட்டு அழுதுகொண்டே எழுந்தேன். குளித்துவிட்டுத் துண்டோடு வந்த மாமா சிதறிய கற்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார். அப்போது அவர் கவனித்தது என் அழுகையை என்றுதான் நினைத்தேன்.

பூ வைக்கிற நாள் விடிந்ததும், பூ வாங்கிவர மாமா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பூச்சந்தைக்குப் போனார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரும் நானும் மட்டும். சாக்குச் சாக்காகப் பிச்சியும் மல்லியும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஈரம், வாசம், ஏலக் கூச்சல். தராசில் பூ நிற்கும்வரை சும்மா நின்ற மாமா, பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஏட்டி மக்கா, அக்கா திருநெல்வேலிக்குப் படிக்கப் போயிட்டான்னு வச்சுக்கோ. அந்தப் பலக யாருக்கு?"

"எனக்கு!"

"டப்பா?"

"ரெண்டும் எனக்கு."

"சரிதான். அவ போனாத்தான" என்றார். அவ்வளவுதான். பூக்காரரிடம் திரும்பி, "அண்ணாச்சி, இன்னும் ஒரு கை அள்ளிப் போடும், கொறஞ்சா போவீரு?" என்று பேரம் பேசப் போய்விட்டார்.

வீடு திரும்பும் வழி முழுக்க நான் கணக்குப் போட்டேன். அக்கா இல்லாத வீடு. கரண்டு போன கொட்டகை. விரித்த பலகை. இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் நான். இவ்வளவு எளிய வழி ஒன்று இருப்பது ஏன் இதுவரை எனக்குத் தோன்றவில்லை? மாமாவுக்கு அது ஒரு பேச்சு. நான்தான் அதற்குள் இருந்த வழியைக் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

சிவகிரிப் பெரியம்மா முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அம்மாவுக்கு மூத்தவள். குரலும் மூத்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்தான் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். மாமாவுக்கு வீடு என்று இருப்பது இந்த இரண்டு அக்காக்கள்தான். அதில் ஒருத்தி பெண்ணைப் பெற்றவளாகப் போய்விட்டாள். ஆகவே பெரியம்மா மட்டுமே மாப்பிள்ளை வீடு. "பொண்ணு வீட்டுல காப்பில சீனி கம்மி" என்று வந்ததும் குறை சொல்லித் தன் பதவியை நிலைநாட்டிக்கொண்டாள். அம்மா சிரித்தாள். அன்று அம்மா எதற்கும் சிரித்தாள்.

தறிகளை நிறுத்திவிட்டுக் கொட்டகையிலேயே ஜமுக்காளம் விரித்தார்கள். அக்கா அம்மாவின் பட்டைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்தாள். மாமா அப்பாவின் பக்கத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாமல். நடுவில் தாம்பாளம், தேங்காய், பழம், நாங்கள் வாங்கிவந்த பூ. நான் தூண் ஓரம் நின்றேன். பெரியம்மா பூச்சரத்தைக் கையில் எடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னட்டி இது, மொகரய இப்படித் தூக்கி வச்சிருக்க? ஒனக்கும் வைக்கணுமா? ஒங்க மாமாவுக்கு ரெண்டு பொண்டாட்டி கட்டிருவோமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாகூட. அந்தச் சிரிப்பில்தான் உடைந்தேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவள அனுப்புங்க. திருநெல்வேலிக்கு அனுப்புங்க. காலேஜுல எடம் கெடச்சிருக்குல்லா, போகட்டும். போயி அங்கனயே கெடக்கட்டும். பலக எனக்குத்தான்!"

எப்படி அம்மா அவ்வளவு வேகமாக என்னருகில் வந்தாள் என்று தெரியாது. தொடையில் கிள்ளிய இடம் பல நாள் கன்றிக் கிடந்தது. ஆனால் பெரியம்மாவின் கை பூவோடு அந்தரத்தில் நின்றுவிட்டது.

"காலேஜா? என்ன காலேஜ்?"

"அது ஒண்ணுமில்லக்கா. பச்சப்புள்ள, பொறாமைல ஒளறுதா."

"ஒளறுதாளா? ஊரு பேரெல்லாம் வச்சா ஒளறுவா? ஏட்டி, நீ சொல்லு. எடம் கெடச்சிருக்கா?"

அக்கா தலையை ஆட்டினாள். அவ்வளவு மெதுவாக, பட்டுச் சேலையின் சரிகைகூட அசையவில்லை.

"எங்கிட்டச் சொல்லணும்னு ஒருத்திக்கும் தோணல." பெரியம்மா அம்மாவைப் பார்த்த பார்வையில் என் தொடை வலி எனக்கே மறந்தது. "எம்மவளத்தான் எட்டோட நிறுத்தி வீட்டுல போட்டேன். இப்ப பேங்குல ஒரு ஃபாரம் நெரப்பதுக்கு மாப்பிள்ளைய எதிர்பாத்து நிக்கா. ஒனக்கும் அது வேணுமாக்கும்?"

தறிகள் ஓடாதது அப்போதுதான் காதில் உறைத்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? பூவ இன்னைக்கே வைங்க. நான் வேண்டாங்கல. கப்பலேறுனா நான் திரும்பி வர எப்படியும் நாளாவும். அதுவரைக்கும் அவ சும்மா இங்கன தார் சுத்திக்கிட்டுக் கெடக்கதுக்கு, படிக்கட்டுமே. முகூர்த்தத்தப் படிப்பு முடிஞ்சு வச்சுக்கிடுவோம்."

மாப்பிள்ளையே கேட்கிறான். மாப்பிள்ளை வீடும் அதையே சொல்கிறது. பெண் வீட்டுக்காரிக்கு அதற்கு மேல் அடைக்க எந்தப் பக்கமும் இல்லை. அம்மா தாம்பாளத்தை நேராக நகர்த்தி வைத்தாள். "எந்தம்பி ஆசப்பட்டுட்டான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியம்மா பூவை வைத்தாள். அப்பா முதல் ஆளாக எழுந்து போய் மெயினைப் போட்டார். தறிகள் ஓடத் தொடங்கின. அன்று அப்பா அவ்வளவு அவசரப்பட்டதை இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நான் தூண் ஓரமே நின்றேன். வாயைத் திறந்தவள் நான், கிள்ளு வாங்கியவள் நான். கல்லூரி அவளுக்கு, மாமா அவளுக்கு, பூவும் அவளுக்கு. பூ நிறைந்த தலையை நிமிர்த்தி அக்கா ஒரு முறை என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஜெயித்த சிரிப்பு என்று பட்டது. திரும்பிக்கொண்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். அந்தப் படிப்பு முடிந்ததும் இன்னொரு படிப்பு வந்தது. அது முடிந்ததும் வேலை வந்தது. மாமா ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குப் போனார். இருவரும் ஒரு நாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் "சரிக்கா", "சரிம்மா" என்றார்கள். ஒரு தையில் அம்மாவே, "எம்புட்டு நாளு அவன் காத்துக் கெடப்பான், பாவம்" என்று தம்பிக்குத் தூத்துக்குடியில் ஒரு டீச்சரைப் பார்த்து முடித்தாள். அது தன் முடிவு என்றே கடைசிவரை நம்பினாள். அக்கா யாரைக் கட்டிக்கொண்டாள் என்பது வேறு கதை, நல்ல கதை.

இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒருவர் தூத்துக்குடியில், ஒருத்தி கோயம்புத்தூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியில் கப்பல் விளையாட்டு ஆடுகிறார்கள். மாமா இன்னும் தோற்கிறார். அப்பா போன பிறகு தறிகளை விற்ற வீட்டில், பலகை மட்டும் என்னிடம் இருக்கிறது. இந்த வயதிலும், ஞாயிறு மதியம் அக்கா போனை எடுக்காமல் இருந்தால் என் வயிற்றில் அந்தப் பழைய இடம் மெல்லச் சுடுகிறது. அவர்கள் ஒருவரை ஒருவர் விரும்பியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மூச்சு முட்டிய நாட்களில் ஒன்றாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கல்லூரிப் பேச்சைப் பெரியம்மா முன்னால் மாமா சொல்லியிருந்தால் அது மறுப்பு. அக்கா சொல்லியிருந்தால் திமிர். நான் சொன்னால் வெறும் பொறாமை. அந்த யோசனைக்குள் நானும் இருந்திருக்கிறேன், ஆடுகிறவளாக இல்லை, ஒரு கல்லாக.

நான் சொல்ல வந்தது அக்கா கிளம்பிய நாளை. மாமா அதற்கு முன்பே கப்பலுக்குப் போய்விட்டிருந்தார். ஆடி பிறந்து, கோவிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறுகிற நேரம். தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருக்க, அக்கா என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். பலகை விரித்திருந்தது. டப்பாக்கள் இரண்டும் என் பக்கம். பலகையின் ஒரு மூலையில் கறுப்பும் வெள்ளையும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு பெரிய கூட்டம். அக்கா அதை ராத்திரியோ காலையிலோ உட்கார்ந்து அடுக்கியிருக்க வேண்டும்.

"இத இப்பவே கலைச்சிராத. எந்தக் கல்லால கறுப்பு பொழச்சுதுன்னு பாரு. கண்டுபிடிச்சா எனக்குக் கடிதாசி போடு."

என் வகிட்டை விரலால் நேராக்கிவிட்டுப் போனாள். சைக்கிள் மணி தெருக் கோடியில் திரும்பியது.

அன்று மாலையும் கரண்டு போனது. தெரு மூச்சு விட்டது. பலகையின் ஒரு பக்கம் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. இது என் கணக்கில் வரவில்லை. அந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. போகிற போக்கிலும் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிவிட்டுப் போகிறாள் என்று ஆத்திரம் வந்தது.

கலைத்துவிடலாம் என்று கை நீட்டியபோதுதான், கூட்டத்துக்கு வெகு தூரத்தில், என் முழங்காலுக்குப் பக்கத்து மூலையில், ஒரு ஒற்றைக் கறுப்புக் கல் கிடப்பதைப் பார்த்தேன். தவறி விழுந்து கிடக்கிறது என்று நினைத்து, அதைத்தான் முதலில் எடுத்து டப்பாவில் போட்டேன்.